பலகை நிலத்துக்கு மேல டைல்ஸ், டைல்ஸுக்கு அடியில சூட்டுக் கம்பி: நிலத்தை எப்பிடித் தயார்படுத்திறது?

பாலையூற்று மேசன் (திருகோணமலை):

வணக்கம் பிள்ளையள். நான் 1986இல மாமாவுக்குக் கையாளாப் போய் மேசன் வேலை பழகினவன். அந்த நாளையில எங்கட பக்கம் டைல்ஸ் எண்டு பெரிசா ஒண்டும் இல்லை. சிவப்புச் சீமெந்து போட்டு, தேய்ச்சு, மெழுகு பூசி, முகம் தெரியிற மாதிரி மினுக்கி விடுறதுதான் கெட்டித்தனம். 2009க்குப் பிறகு உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் எழும்ப எழும்ப டைல்ஸ் வேலையே முழு வேலையாப் போச்சு. எத்தினை சதுர அடி பதிச்சிருப்பன் எண்டு நான் கணக்கு வைக்கேல்லை, என்ர முழங்கால் வைச்சிருக்கு.

ஆனா செய்தது எல்லாம் கொங்கிரீட்டுக்கு மேல. இப்ப கேக்கிறது மரத்துக்கு மேல.

மகள் இங்கிலாந்தில, லீட்ஸில இருக்கிறா. வாங்கினது 1930களில கட்டின வீடு. மேல்மாடியில குளியலறை, 2.4 மீற்றருக்கு 1.9 மீற்றர். நிலம் முழுக்கப் பலகை. அதுக்கு மேல ஆரோ பழைய வினைல் விரிப்பு ஒட்டியிருந்தவை. மாரியில அதில கால் வைக்கேலாதாம். அதால டைல்ஸ் போட்டு, அடியில கறண்ட் கம்பி வைச்சு நிலத்தைச் சூடாக்கப் போகினம். அங்கை ஆளைப் பிடிச்சுச் செய்யிறதெண்டால் கூலி தாங்காது. மருமகன் கணினிக்காரன், எண்டாலும் கை வழங்கும். "அப்பா, நீங்கள் வீடியோவில பாத்துச் சொல்லுங்கோ, நாங்கள் செய்யிறம்" எண்டு மகள் சொல்லுறா. அவை வேலையால வர 6 மணி, எனக்கு அப்ப இரவு பத்தரை. அது பரவாயில்லை, நான் எப்பிடியும் நித்திரை இல்லாதவன்.

எனக்குப் பயம் வேறை. 2013இல உப்புவெளியில ஒரு விருந்தினர் விடுதி, பேர் வேண்டாம். மேல்தட்டு மரம். அதுக்கு மேல பிளைவூட் அடிச்சு வைச்சிருந்தினம். "பாஸ், டைல்ஸ் ஒட்டித் தாங்கோ" எண்டினம். நானும் கொங்கிரீட்டில செய்யிற மாதிரிச் சீமெந்துக் கூழ் பூசி, ரெண்டடி டைல்ஸ் 38 பதிச்சன். பாக்க வடிவுதான். ஒரு மாரி கழிய 14 டைல்ஸ் வெடிச்சுப் போச்சு. கோடு பிடிச்ச மாதிரி வெடிச்சிருந்தது, அடியில தீராந்தி (நிலத்தைத் தாங்கிற மர உத்திரம்) எங்கை எங்கை ஓடுதோ அதுக்கு நேரா மேல. மிச்சத்தைத் தட்டினால் வெறும் பானைச் சத்தம். கூலியைத் திருப்பிக் குடுத்தன். அண்டைக்குப் பிறகு மரம் எண்டால் கும்பிடு போட்டிட்டு வந்திடுவன்.

இப்ப சொந்தப் பிள்ளை கேக்குது, கும்பிடு போடேலாது. பலகைக்கு மேல நேரா ஒட்டலாமோ? இல்லையெண்டால் நடுவில என்ன வைக்கிறது? கம்பிச் சூட்டில மரம் காய்ஞ்சு சுருங்காதோ? என்ன பசை? தெரிஞ்சவை பொறுமையாச் சொல்லுங்கோ.

உவர்மலையான்:

ஐயா, சுகமான வழி ஒண்டு இருக்கு. கன்னியாவில ஏழு சுடுதண்ணிக் கிணறு, ஒரு குழாயை லீட்ஸுக்கு இழுத்து விடுங்கோ. பகிடிக்குத்தான், கோவியாதேங்கோ. இண்டைக்கு ரெண்டு மணிக்கு என்ர முத்தத்தில செருப்பில்லாமல் நிக்கேலாமல் இருந்தது. அங்கை காசு குடுத்து நிலத்தைச் சுடவைக்கினம்!

லெஸ்டர் டைல்காரன்:

ஐயா, நான் கிண்ணியாப் பக்கம், இங்கிலாந்தில 17 வருசமா இதே தொழில். நீங்கள் சொன்ன 14 டைல்ஸ் கதையிலயே விடை இருக்கு. தீராந்திக்கு நேரா மேல வெடிச்சதெண்டால் பிழை பசையில மட்டும் இல்லை. ரெண்டு தீராந்திக்கு நடுவில பிளைவூட் கீழ வளையுது, தீராந்தியில வளையாமல் நிக்குது. அந்த மேட்டுக்கு மேலதான் டைலை முறிச்சுப் போட்டிருக்கு. டைல் வளையத் தெரியாத சாமான்.

அதால டைலைப் பற்றிப் பிறகு யோசியுங்கோ. முதல் மருமகனை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கோ. ஒரு கிளாசில விளிம்பு மட்டும் தண்ணி நிரப்பி அறை நடுவில வைக்கட்டும். பக்கத்தில நிண்டு குதிக்காலைத் தூக்கி ஊண்டட்டும். தண்ணி லேசா நடுங்கினால் பரவாயில்லை. தெறிச்சு வெளியில ஊத்தினால் அந்த நிலத்துக்கு நீங்கள் எந்தப் பசை போட்டும் காரியமில்லை. இது பழைய தொழில்காரரின்ர சோதனை. கணக்கில பாக்கிறதெண்டால், தீராந்தியின்ர நீளத்தை 360ஆல பிரிக்க வாறதுக்கு மேல நிலம் தாழக்கூடாது. 10 அடித் தீராந்தி எண்டால் எட்டரை மில்லிமீற்றர். கருங்கல், மாபிள் மாதிரி இயற்கைக் கல்லெண்டால் அதிலயும் பாதிதான். அமெரிக்கா, கனடாப் பக்கம் இந்தக் கணக்கைத்தான் பிடிக்கினம், நானும் அதைத்தான் பிடிக்கிறன்.

ரெண்டாவது, பலகைக்கு மேல நேரா ஒட்டவே கூடாது. பைன் பலகை நீளத்துக்கு அசையாது, அகலத்துக்கு அசையும். ஆறங்குலப் பலகையில ஈரப்பதம் நாலு வீதம் குறைஞ்சால் ஒரு மில்லிமீற்றரில இருந்து ஒண்டரை மட்டும் சுருங்கும். மாரியில வீட்டுக்குள்ள ஹீற்றர் போட்டு, நிலத்துக்குள்ள கம்பியும் வைச்சால் அது நடக்கும். ஒவ்வொரு பலகை மூட்டும் டைலைத் தன்ர பக்கம் இழுக்கும்.

நடுவில வைக்கிறதுக்கு ரெண்டு சாமான். ஒண்டு 6 மி.மீ. சீமெந்துப் பலகை. மற்றது உள்ளுக்கு நுரை, ரெண்டு பக்கமும் கண்ணாடி நார் வலையும் சீமெந்துப் பூச்சும் உள்ள பலகை, 6 அல்லது 10 மி.மீ. கம்பி வைக்கிறதெண்டால் நான் நுரைப் பலகைதான் சொல்லுவன். சூடு கீழ போகவிடாது. அது இல்லாமல் செய்த வீடுகளில நிலம் சுடுறதுக்கு முதல் கீழ் அறையின்ர சீலிங் சுடும், கறண்ட் பில்லும் சுடும்.

அதைப் பலகையில சும்மா விரிச்சு ஸ்குரூ அடிக்கிறதில்லை. பல்லுக் கரண்டியால (விளிம்பில பல்லு வெட்டின மேசன் கரண்டி) வளையிற பசை பூசி, அது ஈரமா இருக்கேக்கயே பலகையைப் படுத்தி, பிறகு அகலத் தலை வளையம் போட்டு ஸ்குரூ. அடியில காத்து இருந்தால் நுரை அமுங்கும். மூட்டுகள் செங்கல் கட்டுற மாதிரி மாறி மாறி வரவேணும், நாலு மூலை ஒரு இடத்தில சந்திக்கக்கூடாது. உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மூட்டுக்கு மேல வலைப் பட்டி ஒட்டி, குளியலறை எண்டபடியால் தண்ணி புகாத பூச்சும் அடியுங்கோ. மரத்துக்குத் தண்ணி போனால் மேல செய்தது எல்லாம் வீண்.

பசைப் பையில "சீ2", "எஸ்1" எண்டு ரெண்டும் அடிச்சிருக்கவேணும். சீ2 எண்டால் சாதாரணத்தை விடக் கூடப் பிடிக்கிற சீமெந்துப் பசை. எஸ்1 எண்டால் காய்ஞ்ச பிறகும் ரெண்டரை மில்லிமீற்றராவது வளைஞ்சு குடுக்கும் எண்டு அர்த்தம். எஸ்2 அஞ்சு, விலையும் கூட. வாளியில குழைச்சு வாற பசை இதுக்கு வேண்டாம், பெரிய டைலுக்கு அடியில அது காயவே காயாது. சுவர் ஓரம் சுத்திவர 5 மி.மீ. விட்டு சிலிக்கன் போடுங்கோ, கிரவுட் (டைல் இடுக்கு நிரப்புற கலவை) போட்டு அடைக்காதேங்கோ.

இன்னொண்டு. வினைலைக் கிழிக்க முதல் பொறுங்கோ. பழைய வினைலிலயும் அதின்ர கறுப்புப் பசையிலயும் அஸ்பெஸ்டோஸ் இருக்கலாம். இஞ்சை அதை முழுசாத் தடை செய்தது 1999இலதான். சுரண்டாமல், தேய்க்காமல், ஒரு துண்டைச் சோதிக்கக் குடுத்திட்டுத் தொடச் சொல்லுங்கோ.

பாலையூற்று மேசன்:

தம்பி, கிண்ணியாவோ? பாலம் திறக்க முதல் படகுப் பாதையில சாமான் ஏத்திக்கொண்டு அங்கை எத்தினை வேலைக்கு வந்திருக்கிறன்.

வினைல் துண்டு சோதிச்சு வந்திட்டுது, அஸ்பெஸ்டோஸ் இல்லையாம். கிளாசுச் சோதனை நேற்று இரவு. மருமகன் ஆள் 90 கிலோ. குதிக்கால் ஊண்டினார், பாதித் தண்ணி நிலத்தில. மகள் சிரிக்கிறா, எனக்குச் சிரிப்பு வரேல்லை.

பலகையைக் கிளப்பிப் பாக்கச் சொன்னன். கொமட் இருந்த இடத்தைச் சுத்தி மூண்டு பலகை விரலால குத்த உள்ளுக்குப் போகுது. தீராந்தி ஏழுக்கு ரெண்டங்குலம், 16 அங்குலத்துக்கு ஒண்டு, நீளம் 10 அடி. எல்லாம் நல்ல மரம். ஆனா நடுவில ஒண்டை, எந்தக் காலத்துக் குழாய்க்காரனோ, சுடுதண்ணிக் குழாய் கொண்டுபோக மேல்பக்கத்தால ரெண்டங்குலம் வெட்டியிருக்கிறான். படத்தைப் பாத்தால் வயிறு எரியும். இனி என்ன? முழுப் பலகையையும் எடுக்கிறதோ, பழுதானதை மட்டும் மாத்திறதோ?

சவண்டலை (திருகோணமலை):

அண்ணை, நான் தச்சு. சவண்டலை மரம்தான் எங்கட ஊர்ப் பேரில உலகம் முழுக்க வித்தது, அதால அந்தப் பேரை வைச்சிருக்கிறன். டைல்ஸ் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. தீராந்தி தெரியும்.

ஏழங்குலம் 10 அடிக்குப் போதும். பழைய கணக்கு ஒண்டு இருக்கு: அடியில நீளத்தைப் பாதியாக்கி ரெண்டைக் கூட்டினால் தீராந்தியின்ர உயரம் அங்குலத்தில வரும். பத்தில பாதி அஞ்சு, ரெண்டு கூட்ட ஏழு. கட்டினவன் சரியாத்தான் கட்டியிருக்கிறான், வெட்டினவன்தான் கெடுத்தவன். மேல வெட்டுறதெண்டால் உயரத்தில எட்டில ஒண்டுக்கு மேல போகக்கூடாது. ஏழங்குலத்துக்கு அது ஒரு அங்குலம் கூட இல்லை. அதுவும் சுவர் ஓரமா இருக்கவேணும், வயித்தில இல்லை. இவன் ரெண்டங்குலத்தை வயித்திலயே வெட்டியிருக்கிறான். ஏழங்குலத் தீராந்தி இப்ப அஞ்சங்குலத் தீராந்தி.

அதுக்குப் பக்கத்தில அதே அளவில புது மரம் ஒண்டை முழு நீளத்துக்கும் சேத்து 12 மி.மீ. போல்ட் போட்டு இறுக்குங்கோ. குழாயை வெட்டில இருந்து எடுத்து, மரத்தின்ர நடு உயரத்தில துளை போட்டுக் கொண்டு போங்கோ. துளை உயரத்தில கால்வாசிக்கு மேல வேண்டாம். 10 அடித் தீராந்தியில சுவரில இருந்து ரெண்டரை அடிக்கும் நாலடிக்கும் இடையில போடலாம். பிறகு ஒவ்வொரு ரெண்டு தீராந்திக்கும் நடுவில குறுக்குக் கட்டை. இது இல்லாததாலதான் தண்ணி ஊத்தினது எண்டு நினைக்கிறன். ஒரு தீராந்தி தனிய நிண்டு பாரம் வாங்குது, பக்கத்துக்காரன் பாத்துக்கொண்டு நிக்கிறான்.

பலகையை முழுசா எடுங்கோ. மூண்டு பழுதெண்டால் நாலாவதும் பழுதாக யோசிச்சுக்கொண்டு இருக்கு. 18 மி.மீ. பிளைவூட், இடம் இருந்தால் 22. நீளப்பக்கம் தீராந்திக்குக் குறுக்கா வரவேணும், விளிம்பு எல்லாத்துக்கும் அடியில கட்டை இருக்கவேணும். ஆணி வேண்டாம், ஸ்குரூ. ஆணி ரெண்டு வருசத்தில கழண்டு கீச்சிடும். அடிப்பக்கத்துக்கும் விளிம்புக்கும் பிறைமர் பூசிப்போட்டு அடியுங்கோ.

லெஸ்டர் டைல்காரன்:

பலகை முழுசா எடுக்கத் தேவையில்லை எண்டுதான் முதல் எழுத வந்தனான். நல்ல பலகை எண்டால் ஸ்குரூவால இறுக்கி, அதுக்கு மேல நுரைப் பலகை போட்டால் காணும், நான் நூறு இடத்தில செய்திருக்கிறன். ஆனா எப்பிடியும் குழாய்க்காகவும் தீராந்திக்காகவும் கிளப்பத்தான் போறியள். அப்ப அண்ணை சொல்லுறது சரி. பழைய பலகை 21 மி.மீ. அளவு இருக்கும், 18 பிளைவூட் போட்டால் உங்களுக்கு 3 மி.மீ. உயரம் லாபம். வாசலில அது உதவும். ஸ்குரூ விளிம்பில 150 மி.மீ.க்கு ஒண்டு, நடுவில 300க்கு ஒண்டு. அடியில கறண்ட் வயரும் காஸ் குழாயும் எங்கை ஓடுதெண்டு பலகை திறந்திருக்கேக்கயே சுவரில பென்சிலால குறிச்சு வையுங்கோ.

கறண்ட் தம்பி (லண்டன்):

ஐயா, கம்பிப் பக்கம் நான் சொல்லுறன். நான் பதிஞ்ச மின்காரன், சொந்த ஊர் மூதூர்.

அறை முழுக்கக் கம்பி போடக்கூடாது. குளிக்கிற தொட்டி, கழுவுற தொட்டி அலுமாரி, கொமட் இதுகளுக்கு அடியில வேண்டாம். சூடு போக வழியில்லாமல் கம்பி தன்னைத்தானே எரிக்கும். உங்கட அறையில தொட்டி மட்டும் 1.7க்கு 0.7 பிடிக்கும். மிச்சத்துக்கு ரெண்டரைச் சதுர மீற்றர்ப் பாய் (வலையில சூட்டுக் கம்பி ஒட்டி வாறது) அளவு காணும். அரை மீற்றர் அகலம், அஞ்சு மீற்றர் நீளமா வரும். மர நிலத்துக்குச் சதுர மீற்றருக்கு 150 வாட்ஸ் எடுங்கோ, 200 கொங்கிரீட்டுக்கு விடுங்கோ. மொத்தம் 375 வாட்ஸ், ஒரு சின்ன அயன்பெட்டி அளவு கூட இல்லை.

பாயைத் திருப்பேக்க வலையை வெட்டலாம், கம்பியை ஒருநாளும் வெட்டக்கூடாது. நீளம் கூடிப்போச்செண்டு வெட்டினவையின்ர வீட்டுக்குப் போயிருக்கிறன். கம்பி கம்பியைக் கடக்கவும் கூடாது.

இனிமேல் வாறதுதான் முக்கியம். மல்டிமீற்றர் ஒண்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கோ. 230 வோல்ட்டில 375 வாட்ஸ் பாய்க்குத் தடை 141 ஓம் அளவில வரவேணும். பெட்டியால எடுத்த உடனை அளக்கிறது, விரிச்ச பிறகு அளக்கிறது, மேல சமப்படுத்திற கூழ் ஊத்தின பிறகு அளக்கிறது, டைல்ஸ் பதிச்ச பிறகு அளக்கிறது. ஒவ்வொரு தரமும் எழுதி வையுங்கோ. மேசன் கரண்டியின்ர மூலை பட்டால் கம்பி வெட்டுப்படும், பாக்கத் தெரியாது, மீற்றர்தான் சொல்லும். டைல்ஸ் பதிச்ச பிறகு தெரிஞ்சால் நீங்கள் நிலத்தைக் கிளப்பவேணும். அதால கரண்டியைக் கம்பி ஓடுற திசைக்கே இழுங்கோ.

சூடு பாக்கிற சென்சரை நேரா பசைக்குள்ள புதைக்காதேங்கோ. ரெண்டு கம்பி வரிசைக்குச் சரி நடுவில ஒரு சின்னக் குழாய் வைச்சு, நுனியை அடைச்சு, அதுக்குள்ள விடுங்கோ. பழுதானால் உருவி எடுத்து மாத்தலாம்.

இணைக்கிற வேலையை மருமகன் செய்யவேண்டாம். இங்கிலாந்தில "பார்ட் பீ" (Part P) எண்ட கட்டட விதி இருக்கு. குளியலறைக்குப் புதுச் சுற்று இழுக்கிறதெண்டால் பதிஞ்ச ஆள் செய்யவேணும், இல்லையெண்டால் உள்ளூராட்சிக்கு முன்னமே அறிவிக்கவேணும். 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். கம்பிக்கு வெளியில எர்த் பின்னல் இருக்கிற பாயாப் பாத்து வாங்குங்கோ. தேர்மோஸ்டற்றைக் குளியலறைக்குள்ள வைக்காமல், அறைக்கு வெளியில, வீட்டுக்குள்ள இருக்கிற சுவரில வையுங்கோ. நிலத்தின்ர சூட்டை 29 பாகைக்கு மேல விடாதேங்கோ.

உவர்மலையான்:

29 பாகையோ? அது எங்கட ஊரில இரவு பன்ரண்டு மணிக்கு இருக்கிற சூடெல்லோ தம்பி.

ஹரோ அக்கா:

ஐயா, நான் தொழில்காரி இல்லை, சுட்டுக்கொண்டவள். ரெண்டு வருசத்துக்கு முதல் எங்கட குளியலறைக்கு ஒராளைப் பிடிச்சு இதே வேலை செய்தம். பொங்கலுக்கு ஆக்கள் வருகினம், நிலம் நல்லா இருக்கவேணும் எண்டு டைல்ஸ் பதிச்சு மூண்டாம் நாளே கம்பியைப் போட்டம். பசை கெதியாக் காயும் எண்டு அந்த ஆளும் தலையாட்டினவர். மாசி முடிய முதல் கிரவுட்டில மயிர் மாதிரி வெடிப்பு, வாசல் பக்கம் அஞ்சு டைல்ஸ் வெறுஞ்சத்தம். சூட்டில பசை தண்ணியை இழந்திட்டுது, இறுகேல்லை எண்டு பிறகு வந்தவர் சொன்னவர். குறைஞ்சது ரெண்டு கிழமை தொடாதேங்கோ. பிறகும் ஒரேயடியா 29க்கு ஏத்தாமல் நாளுக்கு ரெண்டு மூண்டு பாகையாக் கூட்டுங்கோ. மகளிட்டை சுவிட்சை ஒழிச்சு வைக்கச் சொல்லுங்கோ.

பாலையூற்று மேசன்:

நன்றி பிள்ளையள். வாசிச்சு வாசிச்சுக் கொப்பியில எழுதி வைச்சிருக்கிறன். மனுசி பாத்திட்டு, "பள்ளிக்கூடத்தில இப்பிடி எழுதியிருந்தால் வேறை உத்தியோகம் பாத்திருக்கலாம்" எண்டா.

ஒரு சந்தேகம். கம்பிக்கு மேல நேராப் பசை பூசி டைல்ஸ் பதிக்கலாமோ, அல்லது கூழ் ஊத்தி மூடிப்போட்டுப் பதிக்கிறதோ? கம்பி மேட்டில பல்லுக் கரண்டி ஏறி இறங்கினால் பசை சமமா வராது எண்டு என்ர கை சொல்லுது.

லெஸ்டர் டைல்காரன்:

உங்கட கை சொல்லுறது சரி. தொழில்காரர் சிலர் நேராப் பதிப்பினம், புதுசாச் செய்யிற ஆளுக்கு வேண்டாம். மரத்துக்கெண்டு வாற, நார் கலந்த சமப்படுத்திற கூழை 5 மி.மீ. ஊத்தி மூடட்டும். கம்பி காத்தில தெரியக்கூடாது, நுனியில இருக்கிற தடிச்ச மூட்டும் மூடப்படவேணும், அதை நுரைப் பலகையில சின்னதாச் செதுக்கிப் பதிச்சு விடலாம். கூழ் காய்ஞ்ச பிறகு வழமையான நிலம்தான். அதுக்குப் பிறகு நீங்கள் எனக்குச் சொல்லித் தரலாம்.

பாலையூற்று மேசன்:

அஞ்சு கிழமையாச்சு, என்ன நடந்ததெண்டு சொல்லாமல் விட்டால் மரியாதையில்லை.

வெட்டுப்பட்ட தீராந்திக்குத் துணை மரம் போட்டாச்சு. குறுக்குக் கட்டை அடிச்ச அண்டிரவு, பிளைவூட் போட முதலே ஒரு பலகையைக் குறுக்கா வைச்சு அதில கிளாசை வைக்கச் சொன்னன். மருமகன் ஊண்டினார். தண்ணி நடுங்கினது, ஒரு துளி வெளியில வரேல்லை. நான் இஞ்சை தனிய இருந்து கை தட்ட, மனுசி எழும்பி வந்து விளக்கைப் போட்டுப் பாத்தா.

நுரைப் பலகையில ஒரு சண்டை. மருமகன் பசையைப் பொட்டுப் பொட்டா வைச்சுப் பலகையைப் படுத்தினார். "அப்பா, இது சுவருக்குச் செய்யிற மாதிரி" எண்டார். யூரியூப்பில பாத்தவராம். எடுக்கச் சொன்னன். "காய்ஞ்சிட்டுது" எண்டார். "காயேல்லை, நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான், ஏழு நிமிசம்" எண்டன். முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு எடுத்தார். அடியில பாதி இடத்தில பசை படவே இல்லை. பிறகு அவர் ஒண்டும் கதைக்கேல்லை, மற்ற மூண்டு பலகையும் பல்லுக் கரண்டியால முழுக்க இழுத்துத்தான் போட்டார். நல்ல பிள்ளை.

மீற்றர்க் கணக்கு கொப்பியில இருக்கு. பெட்டியால எடுக்கேக்க 142. விரிச்ச பிறகு 142. கூழ் ஊத்தின பிறகு 141. டைல்ஸ் பதிச்ச பிறகு 141. கடைசித் தரம் அளக்கேக்க மகள் நம்பரைச் சொல்லாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தா, என்னைப் பயப்படுத்த.

டைல்ஸ் பதிச்சது ஒரு சனி, ஞாயிறு. அதுக்கு மட்டும் நான் வாய் திறக்கவேண்டி வரேல்லை. பொய், திறந்தனான். வாசலில இருந்து தொடங்கப் போனார், அறை நடுவில கோடு கிழிச்சு ரெண்டு பக்கமும் துண்டு சமமா வரப் பண்ணினன். தொட்டி ஓரத்தில ரெண்டங்குலத் துண்டு வந்தால் எந்த டைலும் அசிங்கம்தான், லீட்ஸ் எண்டாலும் லிங்கநகர் எண்டாலும்.

கறண்ட் இணைக்கப் பதிஞ்ச ஆள் வந்து கடுதாசியும் குடுத்திட்டுப் போனவர். சுவிட்சை மகள் ஒழிக்கேல்லை, அதில "பொங்கல் அன்ரியை நினை" எண்டு எழுதி ஒட்டி வைச்சிருந்தவ. ஹரோப் பிள்ளை, அது உங்களைத்தான்.

17ஆம் நாள் போட்டினம், 18 பாகையில. ஒவ்வொரு நாளும் ரெண்டு கூட்டி நேற்று 26. அங்கை மணிக்கூட்டைப் பின்னுக்கு வைச்சிட்டினம், இப்ப அவையின்ர 6 மணி எனக்குப் பதினொண்டரை. இஞ்சை ஐப்பசி மழை கொட்டுது, கறண்டும் இல்லை, நான் போனைப் பிடிச்சுக்கொண்டு மெழுகுதிரியோட இருக்கிறன். பேத்தி, மூண்டு வயசு, சப்பாத்து மேஸைக் கழட்டி எறிஞ்சுபோட்டு நிலத்தில குப்புறப் படுத்திருக்கிறா. எழும்பமாட்டாளாம். குளிக்க வார்க்கேலாமல் இருக்கெண்டு மகள் கத்துறா.

ஒண்டு மிச்சம் இருக்கு. குளியலறைக் கதவு பூட்டேலாது. பசை 2, நுரைப் பலகை 10, கூழ் 5, பசை 4, டைல் 9 எண்டு 30 மி.மீ. ஏறினது, பிளைவூட்டில 3 இறங்கினது, 27 கூடிப் போச்சு. கதவின்ர அடியை எவ்வளவு வெட்டச் சொல்ல? சவண்டலைத் தம்பி, இது உங்கட பக்கம்.

சவண்டலை (திருகோணமலை):

அண்ணை, கூட்டிக் கழிச்ச கணக்கில வெட்டாதேங்கோ. கதவு தொங்குற நிலையிலயே, அது திறந்து போற வழி முழுக்கப் பாருங்கோ. நிலம் எங்கை ஆகக் கூட உயரமோ அங்கை இருந்து அளவெடுத்து, அதுக்கு மேல 8 மி.மீ. இடைவெளி விட்டுக் கோடு போடுங்கோ. குளியலறைக்குக் காத்துப் போகவும் அது வேணும். பிறகு கழட்டி, கோட்டுக்கு மேல டேப் ஒட்டி, கறண்ட் வட்ட வாளெண்டால் நல்ல முகத்தைக் கீழ வைச்சு வெட்டச் சொல்லுங்கோ, அப்பதான் சிலும்பாது. வெட்டின விளிம்புக்கு வார்னிஷ் ரெண்டு பூச்சு. 1930 கதவெண்டால் அடிச்சட்டம் அகலமாத்தான் இருக்கும், இவ்வளவும் தாங்கும். வெட்ட முதல் எனக்கு ஒரு படம் அனுப்புங்கோ, கதவு எந்தப் பக்கம் திறக்குதெண்டு பாக்கவேணும்.